டெலிஜூமியல்: ஒரு பொருளதிகாரப் பார்வை

விளையாட்டுப் படம் எடுக்க எந்த ஜூம் லென்ஸ் வாங்குவது என்னும் வினாவுக்கு இதுகாறும் இரண்டு மரபினர் விடை கூறிவந்துள்ளனர். ‘இருப்பதிலேயே நீளமானது’ என்பது வாங்குவோர் மரபு. ‘இருப்பதிலேயே விலை கூடியது’ என்பது விற்போர் மரபு. இரு சாராரும் கருவியிலிருந்து தொடங்குவதால் வழுவினர். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தார், மற்றவையெல்லாம் பிறகு. அவர் கேமராவைக் கண்டவரல்லர் என்னும் ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டு மேலே செல்வோம்.

முதலில் நிலம். ஆடவர் சர்வதேச கிரிக்கெட்டில் பவுண்டரிக் கோடு பிட்சின் நடுவிலிருந்து 65 கஜத்துக்குக் குறையாமலும் 90 கஜத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. விளம்பரப் பலகைக்குப் பின்னால் உட்காரும் படக்காரருக்கும் பேட்ஸ்மேனுக்கும் இடையே 75 மீட்டர் எனக் கொள்க. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ. அதை 200-ஆல் வகுத்து 75-ஆல் பெருக்கினால், 200 மி.மீ. லென்ஸில் படத்துக்குள் அடங்கும் உயரம் 9 மீட்டர் என்று வரும். ஆறடி பேட்ஸ்மேன் அதில் ஐந்தில் ஒரு பங்கு. மிச்சம் புல்லும் பலகையும். (புல் நன்றாகவே விழும்.) 600 மி.மீ. வைத்தால் 3 மீட்டர்தான் அடங்கும்; பேட்ஸ்மேன் பாதிக்கு மேல் நிறைந்துவிடுவார்.

அங்ஙனமாயின் 600-இலேயே நிற்கும் லென்ஸ் ஒன்று போதாதோ எனின், போதாது. சிக்ஸருக்குப் போகும் பந்தைப் பிடிக்க ஒருவர் நம் மூக்குக்கு நேரே, 10 மீட்டரில் வந்து பாய்கிறார். 600-இல் அப்போது அகப்படுவது 40 செ.மீ.: தலையோ கையோ, இரண்டில் ஒன்று. 150-600 வைத்திருப்பவர் சட்டெனப் பின்வாங்கி ஆளையும் பந்தையும் சேர்த்தே பிடிக்கிறார். கிட்டே வந்துவிட்டவரைத் தள்ளிவைப்பதே ஜூமின் தலையாய பயன் என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

இனிப் பொழுது. பகல் கிரிக்கெட்டில் கொடிகட்டிப் பறந்த அதே 150-600-ஐ இரவுக் கபடிக்குத் தூக்கிவருவது திணைமயக்கம். ஆடவர் கபடிக் களம் 13-க்கு 10 மீட்டர். கோட்டோரம் உட்கார்ந்தால் 70-200 தாராளம். சில வேளை அதுவே மிகை. தட்டுப்பாடு வெளிச்சத்தில்தான். பாடிப் போகிறவரின் காலை உறையவைக்க ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடிக்குக் குறைந்து ஓட வேண்டும். எஃப் 2.8 உள்ள லென்ஸில் அதற்கு ஐஎஸ்ஓ 3,200 போதுமென்றால், எஃப் 5.6-இல் 12,800 வேண்டும். நீண்ட ஜூம்களின் கோடியில் வாய்க்கும் 6.3-இல் சுமார் 16,000. அங்கே படம் முழுக்க மணல் தூவியதுபோல் ஆகும். பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் நடுக்கத் தடுப்பு உதவாதோ எனின், அது படக்காரரின் நடுக்கத்தை மட்டுமே தடுக்கும். கபடி வீரரை அது கட்டுப்படுத்தாது.

‘2.8 லென்ஸில் இரண்டு மடங்கு டெலிகன்வெர்ட்டர் மாட்டினால் இரண்டு நிலமும் ஆளலாமே’ என்பார் உளர். மாட்டிய கணமே 70-200 ஆனது 140-400 ஆகும், 2.8 ஆனது 5.6 ஆகும். நிலம் கொடுத்துப் பொழுதைப் பறிக்கும் பண்டமாற்று அது.

நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே வென்ற ஜூம் உலகில் இல்லாமலில்லை. சிக்மா நிறுவனம் செய்த 200-500, எஃப் 2.8. எடை 15.7 கிலோ. தூக்கிவர ஆள் வைக்க வேண்டும் என்பதால் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகிறது.

கருப்பொருளில் மோனோபாட், மழையுறை, முழங்காலுக்கு அடியில் போடும் துண்டு ஆகியவை அடங்கும். இவற்றில் சர்ச்சை இல்லை. சர்ச்சையெல்லாம் நிறத்தில். கேனான்காரர் பெரிய லென்ஸ்களுக்கு வெள்ளை பூசியது வெயிலில் குழல் சூடேறாமலிருக்க. உள்ளே இருக்கும் ஃபுளோரைட் படிகம் வெப்பத்தில் விரியும் இயல்பினது. ஆனால் மைதானத்தில் வெண்குழலார் கருங்குழலாரைப் பார்க்கும் பார்வைக்குப் படிகம் காரணமாகத் தெரியவில்லை.

உரிப்பொருள் ஐந்தில் இருத்தல் என்பது மழைநின்ற ஆட்டம். இரங்கல், ஸ்டம்பு பறந்தபோது ஃபோகஸ் அம்பயர்மேல் இருந்தது. ஊடல் பில்லைக் கண்ட வீட்டார்பால் நிகழும். திணைக்கொரு லென்ஸ் வாங்க முடியாதவர் வாடகைக்கு எடுப்பர்; மறுநாள் காலை கடையில் திருப்பிக் கொடுக்கையில் பிரிதல் அமையும். முன்பணம் திரும்பி வருவதால் இப்பிரிவு தாங்கத்தக்கதே என்க.