சம்மதமா, நிர்ப்பந்தமா?

கேள்வி: வாட்ஸ்அப்பை யாரும் நம் தலையில் கட்டவில்லையே, பிடிக்காதவர்கள் விலகிக்கொள்வதுதானே?

பதில்: விலகலாம், ஆனால் வீட்டுப்பாடமும், மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை என்ற செய்தியும், குடியிருப்பில் மோட்டார் பழுதென்ற அறிவிப்பும் வாட்ஸ்அப் குழுக்களில் மட்டுமே வந்து விழுகின்றபடியால், விலகிய தாயிடம் “நேற்றே குரூப்பில் போட்டாயிற்றே, பார்க்கவில்லையா?” என்று ஆசிரியை கேட்கும்போது, அவளுடைய சுதந்திரத்துக்கான தண்டத்தை அவள் பிள்ளையல்லவா செலுத்த நேர்கிறது! ஊருக்கெல்லாம் ஒரே கிணறு இருக்கையில், அதில் நீர் இறைக்கும்படி எவரும் பலவந்தம் செய்யவில்லை என்பது நியாயமான வாதமாகாது. 2016-இல், வாட்ஸ்அப் தங்கள் தகவலை ஃபேஸ்புக்குடன் பகிர்வதை மறுப்பதற்குப் பழைய பயனாளிகளுக்குச் சொற்ப அவகாசமேனும் இருந்தது. 2021-இல் வந்த நிபந்தனைகளோ, ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்ற தோரணையிலேயே வந்தன. அது நியாயமற்ற நிர்ப்பந்தம் என்று தீர்மானித்தே, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பள்ளிகளும் குடியிருப்போர் சங்கங்களும் தங்கள் அறிவிப்புகளை வாசற்பலகையில் ஒட்டியும், சாதாரணக் குறுஞ்செய்தியாக அனுப்பியும் வைக்கட்டும். பிறகு சம்மதத்தைப் பற்றிப் பேசுவோம்.