தட்டலியல்: ஃபீனிக்ஸ் பேயில் மரத்தைத் தட்டிப் பார்ப்போர் பற்றி ஒரு முன்னாய்வு

மரத்தைத் தட்டுவோர் மூவகைப்படுவர்: வாங்குவதற்குத் தட்டுவோர், விற்பதற்குத் தட்டுவோர், கிட்டார் செய்யப் பழகுவோர். முதல் இரு வகையினரும் காரியம் முடிந்ததும் கையை எடுத்துவிடுவர். மூன்றாம் வகையினருக்குக் காரியம் முடிவதே இல்லை. இவ்வாய்வு அவர்களைப் பற்றியது.

ஆய்வுக் களமாக ஃபீனிக்ஸ் பே தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம், இவ்வாய்வாளர் அங்கே குடியிருப்பதுதான். (ஆய்வேடுகளில் இதை வேறு மாதிரி எழுதுவார்கள்.) 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில், தீவுகளுக்குக் கப்பல் புறப்படும் துறையும் படகு பழுதுபார்க்கும் இடமும் இங்கேதான் இருக்கின்றன. ஹாடோவைத் தாண்டிப் பாலம் ஏறினால் சாத்தம் சா மில். 1883இல் தொடங்கிய ஆலை. 1942இல் ஜப்பானியர் போட்ட குண்டின் பள்ளத்தை அங்கே காட்டுவார்கள். சுற்றுலா வருபவர்கள் பள்ளத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வர். பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படாக் பலகை அடுக்கில் விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்து நிற்பவர் மூன்றாம் வகையினர் எனத் துணியலாம்.

படாக் செம்மரத்துக்கும் வேங்கைக்கும் பங்காளி. நன்றாகக் காய்ந்த படாக்கைத் தட்டினால் மணி அடித்தாற்போல் நீண்டு ஒலிக்கும். இதன் ஆப்பிரிக்க உறவுமரத்தில் மரிம்பா வாத்தியத்துக்குக் கட்டைகள் செய்கிறார்கள். ஆனால் 2002இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு இத்தீவுகளில் மரம் வெட்டுவது வெகுவாகக் கட்டுப்படுத்தப்பட்டுவிட்டது. எனவே கிட்டார் பழகுநரின் பார்வை பழைய சாமான்கள் பக்கம் திரும்பிற்று. அத்தை வீட்டுக் கட்டில், இடித்த வீட்டின் நிலைக்கதவு, உடைத்துப் போட்ட படகு எல்லாம் தட்டப்படுகின்றன. அத்தை படுத்திருக்கும்போது கட்டிலைத் தட்டுவது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. நடந்திருக்கிறது.

இனி, தட்டும் முறை. பழகுநர் எல்லோரும் பலகையின் நட்டநடுவில் பிடித்துக்கொண்டு தட்டுகிறார்கள். ‘தொப்’ என்று கேட்கிறது. செத்த மரம் என்று கீழே வைத்துவிடுகிறார்கள். செத்தது மரமன்று. அந்தரத்தில் நிற்கும் பலகையைத் தட்டினால் நடுப்பகுதி ஒரு பக்கமும் இரு முனைகளும் எதிர்ப்பக்கமும் ஆடும். ஆடாத இடம் இரண்டே. ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் சுமார் 22 சதவீதம் உள்ளே தள்ளி அவை இருக்கும். ஒரு மீட்டர்ப் பலகையில் 22 சென்டிமீட்டர். அங்கே இரு விரலால் தளர்வாகப் பிடித்து நடுவில் தட்ட வேண்டும். நடுவில் பிடித்தால் அதிகமாக ஆட வேண்டிய இடத்தையே அமுக்கிவிடுகிறோம். வாயைப் பொத்திவிட்டுப் பாடச் சொல்லும் இந்த முறையில் எத்தனை நல்ல மரங்கள் இத்தீவில் அடுப்புக்குப் போயின என்பதற்குக் கணக்கில்லை.

தட்டலியலில் இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று கிட்டார்ப் பள்ளி. மற்றது படகுப் பள்ளி. படகுத் தச்சர் சுத்தியலின் பின்புறத்தால் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போவார். ஓசை மந்தமாகும் இடத்தில் நின்று சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பார். அங்கே நீர் இறங்கி மரம் உளுத்திருக்கும். இவ்வாய்வாளர் இதைக் கவனித்து நின்றபோது நடந்த உரையாடல் அப்படியே தரப்படுகிறது.

“என்ன தம்பி, ரொம்ப நேரமா நிக்கிறீங்க?”

“சுருதி கேக்குறேன் அண்ணே.”

“போட்டுல சுருதி கேட்டா முழுகிப் போவீங்க. நான் தண்ணி கேக்குறேன்.”

தட்டலியலின் அடிப்படை விதி இந்த மறுமொழியில் அடங்கியிருப்பதாக இவ்வாய்வாளர் கருதுகிறார். கிட்டார்ப் பள்ளியாரும் கேட்பது தண்ணீரையே. அவர்களுக்கு அது தெரியாது. மரம் காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்ப நீரை ஏற்கும், விடும். போர்ட் பிளேரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அந்தக் காற்றில் வைத்த மரத்தில் அதன் உலர் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் நீர் தங்கும். கிட்டார் செய்வோர் விரும்பும் 45 சதவீதக் காற்றிலோ 8 சதவீதத்துக்குச் சற்று மேல். நீர் கூடக்கூட எடை ஏறும், விறைப்பு குறையும், ஒலி சீக்கிரம் அடங்கும். ஆகவே மே மாதக் கடைசியில் தட்டி “இது சரியில்லை” என்று ஒதுக்கிய பலகையையே பிப்ரவரியில் தட்டி “ஆகா” என்பவர், மரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தென்மேற்குப் பருவமழை வந்ததையும் போனதையும் சொல்லியிருக்கிறார். இவ்வகையில் தட்டலியலை வானிலை ஆய்வின் ஒரு கிளையாகக் கொள்வதே முறை.

மரத்தின் சாதியே ஒலியைத் தீர்மானிக்கும் என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னையெனின், ஸ்பெயின் நாட்டு டோரஸ் 1862இல் பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டு ஒரு கிட்டார் கட்டினார். அது இன்று பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1995இல் அமெரிக்காவின் பாப் டெய்லர், சரக்கு அடுக்கும் பழைய தட்டுப் பலகைகளிலேயே ஒன்று செய்து காட்டினார். இவை ஆசாரிகளின் குறும்பு என்று தள்ளுவோர்க்கு 2018ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டலாம். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் முன்னின்று நடத்தியது. பின்பலகையும் பக்கமும் மட்டும் வேறுபடும் ஆறு கிட்டார்களை 52 பேரிடம் கொடுத்து, வெல்டிங் கண்ணாடியை மாட்டிவிட்டு, மங்கிய வெளிச்சத்தில் வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் நம் ஈட்டி மரத்துக்கும் மலிவு மரத்துக்கும் கிடைத்த மதிப்பெண்ணில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

மேற்பலகையின் கதை வேறு. தந்திகளின் இழுவை சேர்ந்து சுமார் 70 கிலோ வரும். அதைத் தாங்கிக்கொண்டே அதிரவும் வேண்டிய பலகை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கனம் உடையது. இங்கேதான் தட்டல் உண்மையில் உதவுகிறது. சீவுவதும் தட்டுவதும் மறுபடி சீவுவதுமாகப் போய், எங்கே நிறுத்துவது என்பதைக் காது சொல்கிறது. 1787இல் கிளாட்னி என்னும் ஜெர்மானியர் தகட்டின் மேல் மணலைத் தூவி, அதிர்வு கோலமாவதைக் காட்டினார். பழகுநர் இன்று டீத்தூளைத் தூவுகிறார்கள். வீட்டில் டீத்தூள் சீக்கிரம் தீர்வதற்கான காரணம் மற்ற உறுப்பினர்களுக்கு இன்னும் தெரிவிக்கப்படவில்லை.

தஞ்சாவூர் வீணை செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மெட்டுகளை மெழுகில் பதிப்பதால், பின்னால் சுருதி விலகினாலும் மெழுகை இளக்கி நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரில் அறுத்த கோடு அறுத்ததுதான். ஈரத்தில் ஒட்டிய பலகையும் அப்படியே. மழைக்காலத்தில் ஃபீனிக்ஸ் பேயில் ஒட்டி, சென்னையில் ஏசி அறைக்குக் கொண்டுபோனால், 40 சென்டிமீட்டர் அகல மேற்பலகை ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். சுருங்க இடமின்றிப் பிளக்கும். கப்பலில் போகும் மூன்று நாளில் அது மனதைத் தயார்படுத்திக்கொள்ளும் என்று நம்புவதற்கு ஆதாரமில்லை.

பரிகாரம் எளிது. ஒரு பழைய மர பீரோவுக்குள் குண்டு பல்பு ஒன்றை எரியவிட வேண்டும். எல்.இ.டி. சூடாகாது, உதவாது. 27 டிகிரிக் காற்றை 36க்கு ஏற்றினால் 80 சதவீத ஈரப்பதம் ஐம்பதுக்குக் கீழே இறங்கிவிடும். பலகைகளை இடைக்கட்டை வைத்து அடுக்கி, வாரம் ஒருமுறை எடை போட வேண்டும். எடை குறைவது நின்றால் மரம் தயார். தட்டத் தேவையே இல்லை.

எடை போடுவதற்கு அண்ணாச்சி கடை மின்தராசு பயன்படுத்தப்பட்டது. முதல் வாரம் எதற்கு என்று கேட்டார். அடுத்த முறை கேட்கவில்லை. மழை பிடித்த வாரத்தில் பல்பு ஃபியூஸ் ஆகியிருந்ததை அறியாமல் கொண்டுபோனபோது, “போன வாரத்தைவிட சதை போட்டிருக்கே” என்றார். இப்போதெல்லாம் தராசிலிருந்து இறக்கும் முன் அவரே ஒருமுறை தட்டிப் பார்க்கிறார். பலகையோடு நிற்காமல் கடைக் கல்லாப் பெட்டியையும் பக்கத்து அரிசி மூட்டையையும் தட்டியதாகத் தகவல். அரிசி மூட்டை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.