விருது வாங்கப் போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, உக்காரு. திண்ணையில தூசியா இருக்கும், பேன்ட்டுல ஒட்டிரப் போகுது. இந்தத் துண்டை விரிச்சுக்க. சிறந்த சிவில் இஞ்சினியர்னு உனக்கு விருது குடுக்கப் போறாங்களாமே! உங்க அப்பத்தா தெருப் பூராவும் சொல்லி முடிச்சுட்டா. இனி மாட்டுக்கொட்டத்துலதான் போய்ச் சொல்லணும்.

அந்த விருதுக்கு மனு நீயேதான் போட்டியாமே? தப்பில்லடா. முட்டை போட்ட கோழிதான் கொக்கரிக்கணும். பக்கத்து வீட்டுக் கோழியா வந்து கொக்கரிக்கும்? "நாப்பது பக்கம் எழுதினேன் தாத்தா, போட்டோவெல்லாம் ஒட்டினேன்"ங்கிற. நல்லது. எழுதினதுக்கு மெடல் குடுக்கிறது சீமையிலயே இருக்கிற வழக்கம்தான்.

தாமஸ் டெல்ஃபோர்டுன்னு ஒருத்தன். ஸ்காட்லாந்துக்காரன், 1757ல பொறந்தவன். அப்பன் ஆடு மேய்க்கிறவன், இவன் கைக்குழந்தையா இருக்கும்போதே செத்துப்போனான். நம்ம சாதிசனம் மாதிரிதான்னு வச்சுக்கயேன். கல்லுக் கொத்துற வேலைக்குப் போனவன், ரோடு, கால்வாய், பாலம்னு போட்டுத் தள்ளி, 1820ல லண்டன் இஞ்சினியருங்க சங்கத்துக்கு முதத் தலைவராவே ஆயிட்டான். வேல்ஸ் பக்கம் மெனாய்ங்கிற கடல்கால் மேல 1826ல ஒரு பாலத்தைச் சங்கிலியில தொங்க விட்டான். தூணுக்குத் தூண் 579 அடி. அடியில பாய்மரக் கப்பல் போகணுமேன்னு 100 அடி ஒசரத்துல தொங்குது. சாகும்போது சங்கத்துக்குக் காசு எழுதி வச்சுட்டுப் போனான். 1835லயிருந்து அவன் பேர்ல மெடல் குடுக்கிறாங்க.

வேடிக்கை என்னன்னா, அது பாலம் கட்டினதுக்குக் குடுக்கிற மெடல் இல்ல. கட்டுரை எழுதினதுக்கு! நம்ம ஊரு வாத்தியார் இதைச் சொன்னப்ப நானும் சிரிச்சேன். அப்புறம் வரப்புல நடக்கும்போது யோசிச்சேன். மண்ணு எங்க எறங்குச்சு, கலவை ஏன் பிடிக்கலன்னு ஒருத்தன் எழுதி வச்சா, அடுத்தவன் அதே குழியில விழமாட்டானேடா. உன் நாப்பது பக்கத்துல அப்படி ஒரு வரி இருக்கா? திறப்புவிழாப் போட்டோ மட்டும் ஒம்பது இருக்குன்னு உங்க அப்பன் சொன்னான்.

விழா செப்டம்பர் 15, இஞ்சினியர் தினத்துலயா? பொருத்தம்தான். விசுவேசுவரய்யா பொறந்தநாள். புனே பக்கத்துல கடக்வாசலா அணையில 1903ல தானாத் தெறக்கிற மதகு வச்சாரு அந்த மனுசன். வெள்ளம் ஏறினா கதவு தானாத் தெறக்கும், எறங்கினா தானா மூடிக்கிரும். மேலதிகாரி கையெழுத்துக்குத் தண்ணி காத்துக் கெடக்க வேண்டியதில்ல. அவருக்கு பாரத ரத்னா குடுத்தது 1955ல, தொண்ணூறு வயசு தாண்டின பெறகு. உனக்கு 38. வெரசாத்தான் போற.

நம்ம பெரியாறு அணை கதைக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்குல பொறந்துட்டு பென்னிகுயிக் துரையைப் பேசாம எந்திரிக்க முடியுமா? மேக்க ஓடி அரபிக்கடல்ல விழுந்த தண்ணியைக் குறுக்க மறிச்சு, மலையில ஒரு மைலுக்கு மேல சொரங்கம் கொடைஞ்சு, கெழக்க திருப்பி விட்டாரு. 1887ல வேலை ஆரம்பம். மலைக்காய்ச்சல்ல கூலிக்காரங்க கொத்துக் கொத்தாச் செத்தாங்க. கட்டினதை வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு, மறுபடி கட்டினாங்க. சுண்ணாம்பும் சுர்க்கியும்தான் கலவை, சுர்க்கின்னா செங்கப்பொடி. 1895 அக்டோபர்ல கவர்னர் வென்லாக் வந்து தெறந்து வச்சாரு.

பென்னிகுயிக் துரைக்கும் சர்க்கார் ஒரு பட்டம் குடுத்துச்சு, சி.எஸ்.ஐ.ன்னு. நீ கம்பம் பஸ் ஸ்டாண்டுல நின்னு "சி.எஸ்.ஐ. எதுக்குப்பா குடுத்தாங்க"ன்னு நூறு பேரைக் கேளு. நூறு பேரும் சர்ச்சுக்கு வழி சொல்லுவான். ஆனா அவரு பேரைக் கேளு, டீக்கடைக்காரன் செவுத்துல மாட்டியிருக்கிற படத்தைக் காட்டுவான். அவரு பொறந்த நாள் ஜனவரி 15, நமக்குப் பொங்கல். பாலார்பட்டியில அவருக்குன்னு பானை வைக்கிறாங்க. பிள்ளைக்கு அவரு பேரை வச்சவன் இந்தப் பக்கம் எத்தனை பேரு! லோயர் கேம்ப்புல 2013ல மணிமண்டபமே தெறந்தாச்சு. சீமையில சொத்தை வித்து அணையைக் கட்டுனாருன்னு நம்ம ஊருல சொல்லுவாங்க. காகிதம் எங்கன்னு படிச்சவங்க சண்டை போடுறாங்க. நான் அதுக்குள்ள போகலப்பா. அணையில தண்ணி இருந்தா ஜூன்ல நாத்துக்கு வந்துருது, எனக்கு அதுதான் ரசீது.

பானை வைக்க ஊரு சும்மா வந்துருச்சா? வருசக்கணக்கா வயல்ல தண்ணி பாஞ்ச பெறகுல்ல வந்துச்சு! நீ சிமெண்டு காயிறதுக்குள்ள மாலைக்குக் கழுத்தை நீட்டுற. மேடை ஏறினா, பாலம் கட்டும்போது வெயில்ல சாக்கை நனைச்சுப் போட்டுத் தூணுக்குத் தண்ணி காட்டுன சித்தாள் பேரைச் சொல்லு. தெரியாதா? மேஸ்திரிக்குத் தெரியும், இப்பவே போன் போட்டுக் கேட்டுக்க.

அட, எந்திரிக்காத. நீ கட்டின நம்ம வாய்க்கா பாலத்தைப் பத்தி இன்னும் சொல்லல. பாலத்துக்கு ஒரு குத்தமும் இல்ல, பொய் சொல்லக்கூடாது, கல்லு மாதிரி நிக்குது. ரெண்டு பக்கமும் ரோடுதான் எறங்கிப் போச்சு. பாலம் காங்கிரீட்டுக் கால்ல நிக்குது, ரோடு கொட்டின மண்ணுல படுத்துக் கெடக்கு. அந்த மண்ணை அரையடி அரையடியாப் பரப்பி, தண்ணி தெளிச்சு, ரோலர் விட்டு அமுக்கி ஏத்தணும்னு எனக்கே தெரியுது. உனக்குத் திறப்புவிழாத் தேதி நெருங்கிருச்சு, லாரி லாரியாக் கொட்டி நெரவி விட்டுட்ட. முத மழையில உக்காந்துருச்சு. இப்பப் பாலத்துல ஏறணும்னா ஒரு சாண் படி ஏறணும். போன வாரம் உங்க சித்தப்பன் டி.வி.எஸ். 50ல தக்காளிக் கூடையோட ஏறினான். அவன் ஏறிட்டான், தக்காளி ஏறல. விருதுக்கமிட்டி வந்தப்ப வாய்க்காக் கரையில நின்னு பாலத்தைப் போட்டோ எடுத்துச்சாம். மேல வண்டியை விட்டுப் பாக்கலபோல.

சரி, போயிட்டு வா. பொன்னாடையை அங்கேயே மறந்துறாத, மார்கழிப் பனிக்கு எனக்கு ஆகும். கேடயத்தை அப்பத்தா கையில குடுத்துரு, டிவி பக்கத்துல வச்சுக்குவா. வர்றப்ப ரெண்டு லோடு கிராவலுக்கும் ஒரு ரோலருக்கும் சொல்லிட்டு வா. ஐப்பசியில மழை பிடிச்சுக்கும், அதுக்குள்ள வந்துரு.