அடுத்த மாதம் வாங்கப்போகிறவர்

மீடியம் ஃபார்மேட் ஃபிலிம் கேமராவில் போர்ட்ரெய்ட் எடுக்கப்போகிறவரை எல்லோருக்கும் தெரியும். அவர் எடுத்த போர்ட்ரெய்ட்டைத்தான் யாரும் பார்த்ததில்லை. இந்த வாரம் அவர் மனதில் இருப்பது ஹாசல்பிளாட் 500 சி/எம். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர், 1/500 விநாடி வரை ஃபிளாஷ் ஒத்துவரும், வேறென்ன வேண்டும் என்பார். அடுத்த வாரம் குறை தெரிந்துவிடும்: படம் சதுரம், முகமோ நீளம், இருபக்கமும் வெட்டிய பிறகு மிஞ்சுவது 6x4.5 தானே, அதற்கா இவ்வளவு பணம்? உடனே மாமியா ஆர்பி67. பெரிய நெகட்டிவ், பெல்லோஸ் இருப்பதால் முகத்தருகே போகலாம், கேமராவைச் சாய்க்காமல் பின்பக்கத்தை மட்டும் திருப்பி நெட்டுவாக்கில் எடுக்கலாம். ஆனால் எடை இரண்டரைக் கிலோவைத் தாண்டுகிறதே! சரி, பென்டாக்ஸ் 67. அதன் 105 எம்எம் லென்ஸ் பின்னணியைக் கரைக்கும் அழகை அரைமணி நேரம் வர்ணிப்பார். முடிக்கும்போது, கண்ணாடி எழும் அதிர்வும், 1/30 விநாடிக்கு மேல் ஃபிளாஷ் ஒத்துவராததும் ஞாபகம் வரும். ரோலைஃபிளெக்ஸ்? ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. ஆகவே, மறுபடி ஹாசல்பிளாட். பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் சொஜ்ஜி பஜ்ஜியை முடித்துவிட்டு, "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று கிளம்பும் மாப்பிள்ளை வீட்டார் இவரிடம் பாடம் கேட்கலாம்.

இதில் சங்கடம் என்னவென்றால், அவர் சொல்வதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. குறைகள் எல்லாம் உண்மை. அவைதான் படத்தைத் தீர்மானிக்கின்றன என்பதுதான் தப்பு. 1962-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், கையில் பொம்மை வெடிகுண்டோடு நின்ற பையனை புகைப்படக் கலைஞர் டீயான் ஆர்பஸ் சதுர ஃபிலிமில் எடுத்தார். அந்த வரிசையின் மற்ற பிரேம்களில் அவன் சாதாரணப் பையனாகத்தான் நிற்கிறான். எடுத்துக்கொண்டே இருந்ததில் சலித்து அவன் முகம் கோணிய ஒரு நொடிதான் உலகப் புகழ் பெற்றது. அந்தச் சலிப்பு எந்தக் கேமராவின் விவரக் குறிப்பிலும் கிடையாது. எதிரே ஆளை நிறுத்தி, மேலும் மேலும் எடுத்தவருக்குக் கிடைத்தது அது.

அப்படியானால் கேமராக்களுக்குள் வித்தியாசமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஸ்டுடியோவில் ஃபிளாஷை நம்புகிறவருக்கு ஹாசல்பிளாடோ மாமியாவோ. தெருவில் அலைகிறவருக்குத் தோளை இறக்காத ஒன்று. ஒரு சாயங்காலத்தில் முடிகிற முடிவு. விலை கொஞ்சநஞ்சமா, யோசிக்க வேண்டாமா என்றால், கட்டாயம் யோசிக்க வேண்டும். ஆனால் எதை? இவை பெரும்பாலும் பல பத்தாண்டுகள் பழைய சரக்கு. ஷட்டர் வேகம் சரியாக இருக்கிறதா, பின்பக்கம் வெளிச்சம் கசிகிறதா, சென்னைக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடித்திருக்கிறதா, கெட்டுப்போனால் பார்க்க ஆள் உண்டா? இந்தக் கேள்விகள் அவர் வாயில் வராது. இவற்றுக்கெல்லாம் கேமராவைக் கையில் எடுத்துத்தான் பதில் தேட வேண்டும்.

இவ்வளவு தெரிந்துவைத்திருக்க அந்தப் பெட்டிகளின் மேல் நிஜமான பிரியம் வேண்டும். அதை மறுக்க முடியாது. பிரியத்தோடு நிறுத்திக்கொண்டால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால், கையிலிருக்கும் காசுக்கு ஒரு யாஷிகா மேட் 124ஜி-யும் நாலு ரோலும் வாங்கி, அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்துப் பார்க்கலாம் என்று கிளம்பும் பையனிடம், "எஃப்/3.5 லென்ஸ்தானே? கொஞ்சம் பொறு தம்பி, நல்லதாகப் பார்த்துச் சொல்கிறேன்" என்கிறார். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். நாலு ரோலில் அவன் கற்றுக்கொண்டிருப்பதை இவர் எந்த ஜென்மத்தில் சொல்லித்தரப்போகிறார்? தான் வாங்காமலிருப்பது அவர் இஷ்டம். வாங்கப் புறப்பட்டவனையும் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறாரே, அதற்கு அவருக்கு யார் உரிமை கொடுத்தது?