பெருங்காய டப்பாவுக்குள் கோதுமை

எனக்குச் சர்க்கரை. என் மனைவிக்குக் கோதுமை ஆகாது. இரண்டு பேருக்கும் அடுப்படி ஒன்றுதான்.

முதலில் வந்தது என் சர்க்கரை. நம் ஊரில் ஒருத்தனுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால், டாக்டர் சீட்டில் பேனாவை வைப்பதற்கு முன்பே தெரு வைத்தியம் சொல்லிவிடும்: ராத்திரிக்குச் சப்பாத்தி. கோதுமையிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான், எண்ணிச் சாப்பிட்டால்தான் பலன் என்பதை யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் என் காதில் விழுந்திருக்காது. இரண்டு என்று டாக்டர் எழுதியிருந்தார். நான் குருமாவின் தரத்தைப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்வேன். ஐந்தாவதைப் பிய்க்கும்போதும், பத்தியம் இருக்கிற மனிதனின் சோகம் முகத்தில் குறையாமல் பார்த்துக்கொள்வேன்.

அவளுக்கோ வருஷக்கணக்காக ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட் என்று உள்ளே போனதெல்லாம் போன வழி தெரியவில்லை. ஹீமோகுளோபின் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் குடல்நோய் டாக்டர் ஒருவர் ரத்தத்தில் டி.டி.ஜி. என்றொரு பரிசோதனை எழுதினார். அப்புறம் எண்டோஸ்கோப்பி. சிறுகுடலில் துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, சீலியாக் என்றார். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், இவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்குகிறதாம். சத்தை இழுக்க வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டன. இரும்பு எங்கே ஒட்டும்? இதற்கு மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. ஆயுசுக்கும் அந்தத் தானியங்களைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

"இதானா டாக்டர்? நாங்க மதுரைக்காரங்க, சோத்துல வளந்த உடம்பு. கோதுமைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். டாக்டர் நெஞ்சைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே பார்த்தார்.

என் பெருமைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. வட இந்தியாவில் சீலியாக் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு, தெற்கே ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒருவருக்கு என்று 2016இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அங்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை 455 கிராம், இங்கே 25 கிராம். தெற்கின் சராசரி அந்த 25க்குக் கீழே இறங்கிவிடாமல் காத்து நின்ற என்னைப் போன்றவர்களைப் பற்றி ஆய்வில் குறிப்பு இல்லை.

சாயங்காலமே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரெய்டுக்கு வந்த வருமானவரி அதிகாரி மாதிரி அடுப்படிக்குள் நுழைந்தேன். ரவை, சேமியா, மைதா எல்லாம் யோக்கியமான சாமான்கள். கோதுமை என்று முகத்தைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தன. ஒளிந்திருந்தவைதான் பிரச்சினை. பிள்ளை குடிக்கிற பானத்தில் மால்ட் என்று போட்டிருந்தது. அது முளைகட்டிய பார்லி. சோயா சாஸில் பாதி வேலை பார்ப்பது கோதுமை. ஓட்ஸ் தன்னளவில் பெரிய குற்றவாளி இல்லை என்றாலும் சேர்க்கை சரியில்லை. கோதுமை புழங்குகிற வயலிலும் ஆலையிலும் கூடவே இருந்து ஒட்டிக்கொண்டு வந்துவிடும். என் சிறுநீரகக் கல்லுக்காக வாங்கி, கல் போன பிறகும் இருக்கிற பார்லி மூட்டையும் வெளியே போனது.

கடைசியில் பெருங்காய டப்பா. அசல் பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் செடியின் பிசின். அப்படியே போட்டால் நெடி ஆளைத் தூக்கிவிடும் என்று, கோந்தும் மாவும் சேர்த்துப் பிசைந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். மாவு என்பது சிலவற்றில் அரிசி, பலவற்றில் மைதா. டப்பாவின் முதுகில் எறும்பு எழுத்தில் போட்டிருந்ததை விளக்குக்கு நேரே பிடித்துப் படித்தேன். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். எங்கள் டப்பாவில் பெருங்காயம் கடைசியில் இருந்தது.

சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், சுண்டல், அடை என்று ஒன்று விடாமல் கண்முன் வந்து போயின. இதில் கொடுமை என்னவென்றால், வயிறு உப்புசமாக இருக்கிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம் மோரில் இரண்டு சிட்டிகை பெருங்காயத்தைக் கரைத்துக் கையில் கொடுத்து, குடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றது என் மாமியார்.

"கொஞ்சூண்டு போட்டா என்னடா ஆயிரும்?" என்று அக்கா போனில் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் எல்லா நோய்க்கும் இந்த ஒரு கேள்விதான் இரண்டாவது அபிப்பிராயம். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால், குளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் போட முடியாது என்றேன். மசியவில்லை. சரி, சரித்திரத்துக்குப் போவோம் என்று, 1944-45 பனிக்காலத்தில் ஜெர்மன்காரன் பிடியில் இருந்த நெதர்லாந்தைப் பற்றி ஆரம்பித்தேன். ஊரே பட்டினி, ரொட்டி கிடையாது, ஜனங்கள் துலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். அந்தப் பஞ்சத்திலும் டிக்கெ என்ற குழந்தை டாக்டரின் சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமை மேல் அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் உறுதிப்பட்டு, 1950இல் அதையே ஆராய்ச்சி நூலாக எழுதினார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப துலிப் கிழங்கு குடுத்துப் பாரேன், மதுரையில கிடைக்குமா?" என்றாள்.

அடுத்து என் சப்பாத்தி. தோசைக்கல் ஒன்று, பூரிக்கட்டை ஒன்று, மாவு தட்டினால் அடுப்படி முழுக்கப் பறக்கும். குடும்பத்தைக் கூட்டி, "இனிமே எனக்குச் சப்பாத்தி வேண்டாம்" என்று தொண்டை கம்ம அறிவித்தேன். யாராவது தடுப்பார்கள் என்று ஒரு இடைவெளியும் விட்டேன். "அப்ப நாளைலேர்ந்து மாவு பிசைய வேணாம்ல?" என்று அவள் கேட்ட குரலில் இருந்த சந்தோஷத்தைக் கல்யாணமான புதிதில் கேட்டது.

பிறகு கேழ்வரகு. மாவு மில்லில் அரிசிக்கு ஒரு மெஷின், மிளகாய்க்கு ஒன்று, கோதுமைக்கும் கேழ்வரகுக்கும் சேர்த்து ஒன்று. எனக்கு முன்னால் இருந்தவர் பத்து கிலோ கோதுமையை அரைத்து முடிக்க, மெஷின் வாயில் கட்டிய துணிப்பை இளஞ்சூட்டோடு உப்பி ஆடிக்கொண்டிருந்தது. மில்காரரின் புருவம் வரை வெள்ளை. "அண்ணே, மெஷினை நல்லாத் துடைச்சிட்டு அரைக்க முடியுமா? ஒரு துளி கோதுமை வரக்கூடாது" என்றேன். வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். துணிப்பையை ஒரு தட்டுத் தட்டினார். எழும்பிய புகையில் இரண்டு பேருக்கும் தும்மல். "சார், கல்லுக்குள்ள கெடக்குறதை நான் எப்பிடி எடுக்க? வீட்ல திருகை இருக்கா?" இருந்தது. பரணில். அதைப் பரணிலிருந்து இறக்கிய வரைக்கும்தான் என் பங்கு. இடுப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டு படுத்திருந்தபோது மிக்ஸியில் மாவு அரைபடும் சத்தம் கேட்டது.

மாமியார் வந்து பத்தியத்தைக் கையில் எடுத்தார். அவர் கணக்கில் வெள்ளைச் சோற்றை மட்டும் தின்று கோதுமையை ஒழித்துவிட்டேன் என்பது பத்தியம் இல்லை. கேழ்வரகுக் களி (100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் கால்சியம், தேய்ந்த குடல் எலும்பையும் பதம் பார்த்திருக்கும் என்று டாக்டரும் கவலைப்பட்டிருந்தார்), கம்பங்கூழ், தட்டைப்பயறு, கீரை, முட்டை, குதிரைவாலிப் பொங்கல். சிறுதானியம் சர்க்கரைக்கு நல்லது என்று எங்கோ படித்த தைரியத்தில் பொங்கலை மூன்றாம் முறை கேட்டேன். "மாப்ளே, தானியத்துக்குப் பேர்தான் குதிரைவாலி. திங்கிறது மனுசன்தானே?" என்றார்.

நான் பங்களித்தது பாக்கெட் விஷயத்தில். குளூட்டன் இல்லை என்று பச்சை எழுத்தில் போட்ட பிஸ்கட், கேக், நூடுல்ஸ் எல்லாம் வாங்கிக் குவித்தேன். அரிசி மாவு, மரவள்ளி மாவு, சர்க்கரை, பாமாயில். நார்ச்சத்து பேருக்கு, விலை மட்டும் சாதா பிஸ்கட்டைப் போல மூன்று மடங்கு. அவள் ஒன்றைக் கடித்து, "சுண்ணாம்பு மாதிரி இருக்குங்க" என்று வைத்துவிட்டாள். கொட்டுவதற்கு மனசு வராமல் நானே தீர்த்தேன். அதோடு ஒன்று கண்டுபிடித்தேன்: மைசூர்பாகு, லட்டு, அதிரசம், ஜாங்கிரி, பால்கோவா என்று எனக்கு விலக்கியதெல்லாம் குளூட்டன் இல்லாத பதார்த்தங்கள். வீட்டில் ஒருத்தி குளூட்டன் இல்லாமல் இருக்க, நான் துணைக்கு இருப்பதுதானே தர்மம் என்று டாக்டரிடம் வாதாடிப் பார்த்தேன். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கை என் பக்கம் திருப்பிவைத்தார்.

அவள் தேறினாள். ஹீமோகுளோபின் ஏறியது, குடல் சத்தை இழுக்க ஆரம்பித்ததும் எடையும் ஏறியது. எனக்கும் ஏறியது. அவளுக்குக் காரணம் இருந்தது.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்திக்கு முன்பே சமையல் கொட்டகைக்குப் போய் மாஸ்டரைப் பிடித்தேன். சாம்பாரில் கட்டிப் பெருங்காயம், ரசத்திலும் அதே. கேசரி ரவை. பாயசம் சேமியா. அப்பளம் பொரித்த எண்ணெயில்தான் பூரியும். ஜாங்கிரி உளுந்து, தனி எண்ணெய். "ஜாங்கிரில மைதா கலப்பீங்களா? கலருக்கு? முறுகலுக்கு?" என்று நான் துருவத் துருவ, மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சார் ஃபுட் ஆபீசரா?" என்றார். நான் மறுக்கவில்லை. அன்றைக்குப் பந்தி முழுக்க ராஜ மரியாதை.

அவள் இலையில் வெள்ளைச் சோறு, பருப்பு, நெய், பெருங்காயம் தாளிக்காத பொரியல், தயிர், வாழைப்பழம், இரண்டு ஜாங்கிரி. என் இலைக்கு மாஸ்டரே நேரில் வந்தார். ஒரு தட்டில் பூரி, ஒரு தட்டில் ஜாங்கிரி. "ஆபீசர் சாருக்கு என்ன வைக்கட்டும்?"

நான் வாயைத் திறப்பதற்குள், ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "பூரி என் பக்கத்துல வேணாம், ஜாங்கிரி அவருக்கு வேணாம். வெந்நி இருந்தா ஒரு டம்ளர் குடுங்கண்ணே."