ஆயத்துறையில் உட்கார்ந்தவன்

இப்போதெல்லாம் விடிவதற்குள் ஆண்டவர் என்னோடு ஏழெட்டுத் தடவை பேசிவிடுகிறார். நாலே முக்காலுக்குச் சேகரத்து வாட்ஸப் குழுவில் சூரியோதயத்தின் மேல் எழுதிய ஒரு வசனம், ஐந்து மணிக்குச் சென்னை மைத்துனர் அனுப்பும் புறாவும் ரோஜாவுமான இன்னொரு வசனம், அப்புறம் பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் சங்கம், எப்போது சேர்த்தார்கள் என்றே தெரியாத ஓர் உபவாச ஜெபக் குழு என்று வரிசையாக வந்து, ஒருவர் எழுந்து புறப்படச் சொல்கிறார், அடுத்தவர் அமர்ந்து காத்திருக்கச் சொல்கிறார். இரண்டுக்கும் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு நான் பால் வாங்கப் போகிறேன்.

நான் பையனாக இருந்த காலத்தில் வருஷத்துக்கு ஒரு வசனம்தான். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, பனியில் நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்று, ஐயர் நீட்டும் தட்டில் கவிழ்த்துப் போட்டிருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, அதை வீட்டுக்கு வரும்வரை யாருக்கும் காட்டாமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வருவோமே, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு வருஷம் எங்கள் ஆச்சிக்கு, பிள்ளை பெறாத மலடி கெம்பீரிக்கும்படியான வசனம் வந்துவிட்டது. ஆச்சிக்கு அப்போது அறுபது தாண்டியாயிற்று, ஆறு பெற்றவள். அட்டையை மாற்றிக்கொண்டு வா என்று மாமா கேலி செய்ய, ஆச்சி மட்டும், "சாராளும் சிரிக்கத்தானல செஞ்சா" என்று அதை வேதாகமத்துக்குள் வைத்து வருஷம் முழுவதும் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். பதினாறு வசனம் ஒரே நாளில் வந்தால் யோசிப்பதற்கு ஏது நேரம்?

மெஞ்ஞானபுரத்துப் பரிசுத்த பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் பனந்தலைகளுக்கு மேலே தெரிகிற தூரத்தில், செம்மண் தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அழைப்பு என்பது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அழைக்கப்பட்டவர் ஒருவர் பக்கத்து ஊர்க்காரர். வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு குருவானவர் வீட்டில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்னின்றவர். பிறகு மற்றவர்களை அனுப்பிவைத்ததோடு நில்லாமல் 1909இல் தாமே நிஜாம் சீமையிலுள்ள தோர்னக்கல்லுக்குப் போய், தெலுங்கு படித்து, மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றி, 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஞாயிறு பள்ளியில் இதைக் கேட்டுவிட்டு வரும் எந்தப் பையனுக்கும் பேராயர் அங்கி தன் அளவுக்குத் தைத்து எங்கோ தொங்குவதாகத்தான் தோன்றும். அந்த அங்கிக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி இருந்தது என்பது அந்த வயதில் காதில் விழுவதில்லை.

மே மாதம் வந்தால் கன்வென்ஷன். கோயில் மைதானத்தில் பனையோலைப் பந்தல், கீழே ஆற்று மணல், அதன் மேல் அவரவர் வீட்டுப் பாய். பிரசங்கியார் இங்கிலீஷில் மெதுவாகச் சொல்வதை மொழிபெயர்ப்பவர் மூன்று மடங்கு கோபத்தோடு தமிழில் சொல்வார். கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியின் வாசனை பந்தலுக்குப் பின்னாலிருந்து வந்து எங்கள் மனந்திரும்புதலை அடிக்கடி கலைக்கும். கடைசி ராத்திரி அர்ப்பணிப்பு. எல்லாரும் கண்ணை மூடுங்கள், யாரும் யாரையும் பார்க்க வேண்டாம், வடஇந்தியாவுக்கு முழுநேர ஊழியத்துக்குப் போக ஆண்டவர் யாரை உணர்த்துகிறாரோ அவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொல்வார். கண்ணை மூடினால் யார் நின்றார்கள் என்று எப்படித் தெரியும்? ஊரே இமை இடுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும். நான் நின்றேன். மேல்தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் என் முகம் திரும்பியிருந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று அப்போது நிச்சயமாக நம்பினேன். இப்போதும் மறுக்க ஆதாரம் இல்லை. மறுநாள் காலை அம்மா கண் சிவந்து அடுப்பூதிக்கொண்டிருந்தாள். அப்பா பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "வடக்க போறது இருக்கட்டும்டே. மொதல்ல கெழக்க போயி ஆட்ட அவுத்துட்டு வா" என்றார்.

அந்தக் கன்வென்ஷன் இன்றும் நடக்கிறது. ஓலைப் பந்தலுக்குப் பதிலாகத் தகர மேடை, இரண்டு பக்கமும் எல்.இ.டி. திரை, பிளாஸ்டிக் நாற்காலி. அர்ப்பணிக்கிறவர்கள் கூகுள் படிவத்தில் பெயரும் ஊரும் தொலைபேசி எண்ணும் நிரப்ப வேண்டும். யாரும் யாரையும் பார்க்க வேண்டாம், கண்ணை மூடுங்கள் என்று பிரசங்கியார் இன்றைக்கும் அதே தாழ்ந்த குரலில்தான் சொல்கிறார். தலைக்கு மேலே ட்ரோன் கேமரா வட்டமடித்து, நின்றவர்களைத் துபாய்வரை காட்டிக்கொண்டிருக்கிறது. இமை இடுக்கால் பார்க்கும் சிரமம்கூட இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இல்லை.

எங்கள் வீட்டு முற்றத்துச் சுவரில் ஒரு படம் தொங்கியது. உங்கள் வீட்டிலும் தொங்கியிருக்கும்: சுருள்முடி, வெள்ளை அங்கி, முழங்காலில் நின்று கைகூப்பி மேலே பார்க்கும் பையன். சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 1776 வாக்கில் வரைந்த சிறுவன் சாமுவேல் அது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. எங்களைப் பொறுத்தவரை அதை வரைந்தது நாசரேத் ஜவுளிக்கடைக் காலண்டர். அந்தப் பையனைப் போலவே எனக்கும் ஒரு ராத்திரி சத்தம் கேட்கும் என்று பாயில் விழித்துக் கிடப்பேன். சத்தம் கேட்கவும் செய்யும். "ஏல, யாருல முழிச்சிருக்கது, கொஞ்சம் தண்ணி கொண்டால" என்று திண்ணையிலிருந்து தாத்தா இருமிக்கொண்டே கூப்பிடுவார். ஆண்டவருக்காக விழித்திருந்தவன் உடனே போர்வையை இழுத்து மூடிக் குறட்டை விடுவேன்.

சாமுவேலை ஆண்டவர் கூப்பிடும் அந்த அதிகாரத்தை எத்தனையோ பேர் எடுத்துப் பிரசங்கித்துக் கேட்டாயிற்று. நாலாவது தடவை பையன் ஆண்டவருக்கு என்ன பதில் சொன்னான் என்பதைப் பிழிந்து பிழிந்து எடுப்பார்கள். அதற்கு முந்திய மூன்று தடவையை ஒருவரும் நின்று பார்த்ததில்லை. கண்பார்வை மங்கிய ஒரு கிழவருக்காக ஒரு சின்னப் பிள்ளை நடுராத்திரி எழுந்து ஓடுகிறது, நான் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள் என்கிறார், படுத்துவிட்டு மறுபடி எழுந்து ஓடுகிறது, முனகியதாக எழுதவில்லை. என்னைக் கேட்டால், அந்தப் பையனைத் தேர்ந்தெடுக்க ஆண்டவருக்கு அந்த மூன்று ஓட்டமே போதுமாக இருந்திருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. முடிந்து, பட்டம் முடிந்து, பரீட்சை எழுதி, கடைசியில் கேரள எல்லையில் வணிகவரி செக்போஸ்ட்டில் வேலை வந்தது. மத்தேயுவை ஆண்டவர் அழைத்தபோது அவர் வரி வாங்கும் ஆயத்துறையைவிட்டு எழுந்து போனார்; வடக்கே போகிறேன் என்று எழுந்து நின்ற நான் ஆயத்துறையில் போய் உட்கார்ந்தேன். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் பாக்கியில்லை. பஸ் ஸ்டாண்டில் வைத்து எங்கள் பழைய உபதேசியார் பிடித்துக்கொண்டார். குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி, "என்ன தம்பி, ஒங்கம்மா அழுதாளாமே?" என்றார். நான் மணலைப் பார்த்தேன். "யோவான் ஸ்நானகன்ட்ட ஆயக்காரங்க வந்து, நாங்க என்ன செய்யணும்னு கேட்டாங்கள்லா? வேலய விட்டுரு, வனாந்தரத்துக்கு வான்னா சொன்னாரு? வெதிச்சதுக்கு மேல வாங்காதேன்னாரு, அம்புட்டுதான். சகேயுவ எடுத்துக்க. மரத்தவிட்டு எறங்குனான்னு எழுதியிருக்கு. வேலயவிட்டு எறங்குனான்னு எங்கயும் எழுதல." அதற்குள் உடன்குடி பஸ் வந்துவிட, நான் கேட்க நினைத்ததைக் கேட்கவிடாமல் ஏறிப் போய்விட்டார். நான் கேட்ட பிரசங்கங்களில் மொழிபெயர்ப்பாளர் இல்லாததும் சுக்குக் காப்பி இல்லாததும் அது ஒன்றுதான்.

ராத்திரி இரண்டு மணிக்கு ரப்பர் ஷீட் லாரியும் பலகை லாரியும் வரிசைகட்டி நிற்கும்போது, மழைக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு டிரைவர் நீட்டும் பில் கொஞ்சம் கனமாக இருந்தால் உள்ளே ஒரு நோட்டு மடிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பாட்டு இல்லை, மேடை இல்லை, மேல்தெருப் பெண்கள் யாரும் இல்லை. கண்ணை மூடச் சொல்ல ஆளில்லாமலே எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார்கள். பில்லை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி நீட்டினால், தொகை போதவில்லை என்று நினைத்து இன்னொரு நோட்டைச் சேர்த்துக் கொடுப்பார்கள், பாவம். எதிர்க்கடை டீக்கணக்கில் என் பேரில் பற்று நீண்டுகொண்டே போனது என்பதோடு இந்தப் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது, செக்போஸ்ட் போயிற்று. மத்தேயு ஆயத்துறையைவிட்டு எழுந்தார்; என்னைவிட்டு ஆயத்துறையே எழுந்து போய்விட்டது. இப்போது லாரிகள் நிற்காமல் போகின்றன, பில் இணையத்திலேயே வந்துவிடுகிறது, டிரைவர்கள் நேரத்துக்கு வீடு சேர்கிறார்கள். நல்லதுதான். டீக்கடைக்காரர் மட்டும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் வீட்டில் நிஜமான மிஷனெரி வேலையை ஆச்சி அடுக்களையில் நடத்திக்கொண்டிருந்தாள். உலை வைக்கும்போது, களைந்து போடுவதற்கு முந்தி, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையிலிருக்கும் மண்கலயத்தில் போடுவாள். பஞ்ச காலத்திலும் போட்டாள் என்பார்கள். அப்போது பிடி சின்னதாக இருந்திருக்கலாம், தவறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெண்கள் எல்லாம் கொண்டுவந்து கொட்டும் அரிசியில் பச்சரிசி, புழுங்கலரிசி, ரேஷன் அரிசி, கல், வண்டு எல்லாம் ஐக்கியமாக இருக்கும். அதைச் சோறாக்கினால் பாதி குழையும், பாதி விறைக்கும். அதை விற்ற காசு தோர்னக்கல் பக்கம் போகிறது என்று ஆச்சிக்குச் சொல்லியிருந்தார்கள். தோர்னக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "வடக்க" என்பாள். வடக்கே போகிறேன் என்று நின்ற நானும் அதற்கு மேல் ஒன்றும் தெரிந்து வைத்திருக்கவில்லை.

இப்போது கோயில் தூணில் க்யூ.ஆர். கோடு ஒட்டியிருக்கிறது. கடைகளில் வந்த தொகையைக் கத்திச் சொல்லுமே ஒரு பெட்டி, அதை நல்லவேளை இன்னும் வைக்கவில்லை. என் மனைவி இன்னும் ஒரு படி மேலே போய், மிஷனெரி காணிக்கையை மாதம் 5ஆம் தேதி வங்கியே எடுத்துக்கொள்ளும்படி செய்துவிட்டாள். வண்டு விழுவதில்லை, தவணை தவறுவதில்லை, பணம் அன்றைக்கே ஊழியக்காரர் கையில் சேருகிறது. ஆச்சியின் கலயத்தைவிட இது எல்லாவகையிலும் உத்தமம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். எங்கள் வீட்டில் அது வலது கைக்கே தெரிவதில்லை.

வடக்கே போகும் பொருத்தனையை ஒருவழியாக நிறைவேற்றியவன் என் மகன், எந்தக் கூட்டத்திலும் எழுந்து நிற்காதவன். நொய்டாவில் கம்ப்யூட்டர் வேலை. என் அம்மா, அவனுடைய ஆச்சி, வீடியோவில் அவனைப் பார்க்கும்போதெல்லாம், "ஊழியம் ஏதும் செய்யிறியாடே?" என்று கேட்பாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆச்சி. மேல்வீட்டுத் தாத்தாவுக்கு ஃபோன்ல கரண்ட் பில் கட்டிக் குடுக்கேன். போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்பான். அம்மா என் பக்கம் திரும்பி, "இவன் எப்பதான் ஆண்டவருக்குன்னு ஏதாவது செய்யப்போறானோ" என்று பெருமூச்சு விடுவாள்.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. கூப்பிட்டால் பக்கத்து அறைக்குக் கேட்காது என்று மகன் ஆன்லைனில் ஒரு மணி வாங்கி அனுப்பினான். தலைமாட்டில் பொத்தான், என் அறைச் சுவரில் பெட்டி. அமுக்கினால் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று பாடும். சித்திரை மாதத்துப் புழுக்கத்திலும் அதையேதான் பாடுகிறது. நேற்று ராத்திரி ஒரு மணிக்குப் பாடியது. வேட்டியைச் சரியாகக்கூடக் கட்டாமல் ஓடினேன்.

"என்னம்மா, தண்ணி வேணுமா?"

"வேண்டாம்."

"நெஞ்சு கிஞ்சு வலிக்கா?"

"ஒண்ணுமில்லடே. பேட்டரி மாத்தி ரொம்ப நாளாச்சே, வேல செய்யுதான்னு அமுக்கிப் பாத்தேன். நீ போய்ப் படு."