குடும்ப அட்டை இழப்பியல்: ஓர் அறிமுகம்

குடும்ப அட்டை என்பது, தமிழ்நாட்டில் ஒரே அடுப்பில் சமைத்து உண்போரை ஒரு குடும்பமென அரசு ஒப்புக்கொண்டு, அவர்களுள் ஒருவரைத் தலைவராக்கி, நியாயவிலைக் கடையில் பண்டங்கள் பெறும்பொருட்டு வழங்கும் ஆவணம் ஆகும். மக்கள் வழக்கில் இது ரேஷன் கார்டு எனவும், 2017-க்குப் பின் ஸ்மார்ட் கார்டு எனவும், பதற்றமான வேளைகளில் வெறுமனே ‘கார்டு’ எனவும் வழங்கும். இவ்வட்டையை யாருக்குத் தருவது, எவ்வகை அட்டைக்கு எவ்வளவு சர்க்கரை என்பன குறித்து அரசாணைகள் நிரம்ப இருக்க, அது எவ்வாறு தொலைகிறது, தொலைந்தபின் குடும்பம் என்னவாகிறது என்பன குறித்து மட்டும் அறிவுலகம் வாய் திறவாதிருப்பது வியப்பிற்குரியது.

தொலைதலின் வரலாற்றை அட்டையின் வடிவத்தைக் கொண்டே இரு காலங்களாகப் பிரிக்கலாம். முதலாவது, 2005-இல் அச்சிட்டு வழங்கப்பட்ட தாள் அட்டையின் காலம். ஐந்தாண்டுக்கென அளிக்கப்பட்ட அவ்வட்டை, அதற்குப் பின்னும் மாற்றப்படாமல், ‘உள்தாள்’ எனப்படும் கூடுதல் தாள் ஆண்டுதோறும் இணைக்கப்பெற்று ஆயுள் நீட்டிக்கப்பட்டது. மாதவாரியாகக் கட்டமிட்ட பக்கங்களில் விற்பனையாளர் இட்ட கிறுக்கலும், மண்ணெண்ணெய்க் கறையும், ஒட்டிய பசையும் சேர்ந்து, அது நாளடைவில் பருத்து, நைந்து, நடுவே கிழிந்து, செல்லோடேப்பால் மறுபிறவி எடுத்தது. எங்கு வைத்தாலும் துருத்திக்கொண்டு நின்றமையால் அவ்வட்டை தொலைவது அரிது. சிதைவதே அதன் இயல்பு. இரண்டாவது, 2017 ஏப்ரல் 1 முதல் வழங்கப்பட்ட பிளாஸ்டிக் அட்டையின் காலம். ‘ஸ்மார்ட்’ என்னும் அடைமொழி பெற்றிருந்தும் இதனுள் சில்லு எதுவும் இல்லை. மேலே அச்சிட்ட க்யூஆர் கோடு ஒன்றே உண்டு. அறிவு முழுவதும் கடையிலுள்ள விற்பனை முனையக் கருவியிலும் அதற்கு அப்பாலுள்ள கணினியிலும் குடியேறிவிட, அட்டைக்கு எஞ்சியது சட்டைப்பையில் அடங்கும் அளவு மட்டுமே. ஆகவே சிதைதற்காலம் முடிந்து தொலைதற்காலம் தொடங்கியது அவ்வாண்டில்தான் எனத் துணியலாம்.

அட்டை தொலைவதற்குக் கவனக்குறைவே காரணம் என்பது பொதுமக்களிடை, குறிப்பாகக் கணவன்மாரிடை, நிலவும் கருத்து. இது ஆராய்ச்சிக்கு நில்லாது. கவனமின்றி வைக்கப்படும் பொருள்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் மேலும், ஃபிரிட்ஜின் தலையிலும், ஜன்னல் விளிம்பிலும் பல்லாண்டு கிடந்து, தேடுவோர் கண்ணில் உடனே படுகின்றன. பத்திரமாக வைக்கப்படும் பொருள்களே காணாமற் போகின்றன. அட்டையைப் பத்திரப்படுத்துவதில் இரு மரபுகள் உள்ளன. பீரோ மரபினர், பட்டுப்புடைவை மடிப்புக்குள்ளோ தட்டில் விரித்த செய்தித்தாளின் அடியிலோ வைப்பர். பை மரபினர், நகைக்கடையில் தாலிச்சரடு வாங்கியபோது இனாமாகப் பெற்ற ஜிப் வைத்த பர்ஸினுள் வைப்பர். பின்னதைத் திறந்து பார்க்கும் ஆய்வாளர், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், நான்காக மடித்த ஆதார் ஜெராக்ஸ், எழுத்து மங்கி வெறுந்தாளான வங்கி ஏ.டி.எம். சீட்டு, திருச்செந்தூர் விபூதிப் பொட்டலம் ஆகியவற்றை வரிசையாக எடுத்து வைத்தபின், அட்டை மட்டும் அங்கில்லை என்பதைக் காண்பார். இரு மரபினரும் இடத்தை மாற்றும் நாளில்தான் இழப்பு நேர்கிறது. “இங்க வேண்டாம், இன்னும் பத்திரமா வெச்சிடலாம்” என்னும் ஒரு கூற்றுக்குப் பின் அட்டையைக் கண்டவர் எவருமிலர்.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அட்டையைப் பொறுத்தவரை 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணே குடும்பத் தலைவர் என விதித்தது. பெண்களுக்கு உரிமையளிக்கும் நன்னோக்குடைய இவ்விதி, “கார்டை எங்க வெச்ச?” என்று அதுவரை வெறும் வழக்கத்தால் மனைவியை நோக்கிக் கேட்கப்பட்டுவந்த வினாவுக்குச் சட்டப் பின்புலத்தையும் சேர்த்தே வழங்கிவிட்டது.

தொலைதற்காலத்திலும் சிதைவு முற்றிலும் ஒழிந்ததன்று. பர்ஸில் சில்லறையோடு உராய்ந்து க்யூஆர் கோடு தேய்தல், பையோடு கட்டித் தொங்கவிடும் ஆர்வத்தில் ஓரத்தில் துளையிட்டு அத்துளையிலிருந்து விரிசல் ஓடுதல், பிளாஸ்டிக் என்பதை மறந்து மேலும் லேமினேஷன் செய்யக் கொடுத்துச் சூட்டில் சுருங்கப் பெறுதல் என அதன் வகைகள் விரியும். இவற்றுள் கோடு தேய்ந்த அட்டையே துயரத்தில் தலையாயது. கருவியின் கண்முன் அதை நேராகவும், சாய்த்தும், புடைவைத் தலைப்பால் துடைத்தும் காட்டுகையில், பின்னால் நிற்கும் வரிசை தருகின்ற யோசனைகள் எண்ணிறந்தன.

இழப்பிற்குரிய பொழுதும் ஆராயத்தக்கது. அட்டை தொலையும் நாள் வேறு, தொலைந்ததாக உணரப்படும் நாள் வேறு. பெரும்பொழுது மார்கழிக் கடைசி; சிறுபொழுது, பொங்கல் தொகுப்புக்கான டோக்கனை வீடு தேடி வந்து தரும் ஊழியர் வாசலில் நிற்கும் நேரம். 2021 பொங்கலுக்கு அட்டைக்கு 2,500 ரூபாய் வழங்கப்பட்டபோதும், அதே ஆண்டில் கொரோனா நிவாரணமாக இரு தவணைகளில் 4,000 ரூபாய் வழங்கப்பட்டபோதும், அதுவரை தேடப்படாதிருந்த அட்டைகள் பல தேடப்பட்டிருக்கும் என ஊகித்தல் பிழையாகாது. சர்க்கரை மட்டும் வாங்கிவந்த வீடுகளில் அட்டையின் இன்மை பல மாதம் அறியப்படாமலே கழிந்திருக்கவும் கூடும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படும். அரிசி 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. 2020-இல் கைரேகை வைத்துப் பண்டம் பெறும் முறை வந்து, ரேகை தேய்ந்தோர்க்காகக் கருவிழியும் ஏற்கப்படலாயிற்று. பதிவு செய்த கைபேசி எண்ணைச் சொன்னாலே விற்பனையாளர் கருவியில் குடும்பத்தைக் கண்டெடுத்துவிடுகிறார். பிளாஸ்டிக் துண்டு இன்றியும் அரிசி வருமெனில், அது தொலைந்ததற்கு ஒரு குடும்பம் ஏன் உறக்கம் இழக்க வேண்டும் என்பதே அத்தடை. அதற்கு விடை, அட்டையின் பயன் அரிசி என்று கொண்டதே பிழை என்பதாம். பண்டம் எதுவுமே தராத ஒருவகை அட்டை தமிழ்நாட்டில் உண்டு. அரிசி வேண்டா, பருப்பு வேண்டா, அட்டை மட்டும் வேண்டும் என்று விண்ணப்பித்துப் பெற்றோர் அதனை உடையர். உணவை நீக்கியபின்னும் உணவு அட்டைக்கு ஏதோ ஒன்று எஞ்சுகிறது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. எஞ்சுவது யாதெனின், ஒரு வீட்டில் இன்னின்னார் ஒன்றாக இருக்கிறார்கள் என்று அரசே எழுதிக் கொடுத்த ஒரே தாள் இது என்பது. ஆதார் தனி ஆளைச் சொல்லும். வாக்காளர் அட்டையும் தனி ஆளையே சொல்லும். மாமியாரையும் மருமகளையும் ஒரே பட்டியலில் நிறுத்தும் துணிவு குடும்ப அட்டைக்கு மட்டுமே உண்டு.

பொது விநியோகம் குறித்த 2015-ஆம் ஆண்டின் ஒன்றிய அரசு ஆணை, குடும்ப அட்டையை அடையாளச் சான்றாகவோ இருப்பிடச் சான்றாகவோ பயன்படுத்தலாகாது என்று தெளிவாகக் கூறுகிறது. ஆயினும் விண்ணப்பங்களோடு இணைக்க வேண்டிய ஜெராக்ஸ்களின் பட்டியலில் அது இடம்பிடித்தே இருக்கிறது. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாயை ஓர் அட்டைக்கு ஒரு பெண் என்ற கணக்கில் வழங்கியபோது, அட்டையின் மதிப்பு அரிசியின் எல்லையைத் தாண்டி வங்கிக் கணக்கை எட்டியது.

இனி, மீளப் பெறும் முறை. உணவுப்பொருள் வழங்கல் துறையின் இணையதளத்தில் பயனாளராக நுழைந்து, நகல் அட்டைக்கு விண்ணப்பித்து, ஐம்பது ரூபாய்க்குள் அடங்கும் கட்டணத்தைச் செலுத்தினால் அட்டை அஞ்சலில் வரும் என்பது இம்முறையின் சாரம். இதில் ‘நுழைந்து’ என்ற ஒரு வினையெச்சத்தில்தான் துன்பம் முழுவதும் அடங்கியுள்ளது. நுழைவதற்கு ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஓ.டி.பி., வேண்டும், அது அட்டையோடு பதிவான கைபேசி எண்ணுக்கே வரும். அப்பதிவு நடந்த நாள்களில் வீட்டில் எவர் கையில் கைபேசி இருந்ததோ அவருடைய எண்ணே கொடுக்கப்பட்டது. அவர் பெரும்பாலும் அவ்வீட்டு மூத்த மகன். இன்று அவர் ஷார்ஜாவில் இருக்கிறார், எண்ணோ ரீசார்ஜ் செய்யாமல் விடப்பட்டு வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த முகமறியா மனிதர், மாதந்தோறும் தாம் வாங்காத துவரம்பருப்பும் பாமாயிலும் வாங்கியதாகக் குறுஞ்செய்தி பெற்று, பொறுமையோடு வாழ்ந்துவருகிறார். எண் மணமாகிச் சென்ற மகளுடையதாயின் நிலைமை சற்றே மேல். எனினும் அவர் கோவையில் அலுவலகக் கூட்டத்தில் இருக்கும் நேரத்தில்தான் கடவுச்சொல் செல்லும், அவர் பார்த்துத் திருப்பி அழைக்கும் முன் அது காலாவதியாகும், “இன்னொரு தடவ அனுப்பச் சொல்லும்மா” என்று தொடங்கும் உரையாடல் பேரனுக்குச் சளி விட்டதா என்பதில் போய் முடியும்.

இணையவழி அடைபட்டோர்க்கு வேறு வழிகள் உள. இ-சேவை மையம் செல்லலாம். 1967 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமில் கைபேசி எண்ணையே மாற்றிக்கொள்ளலாம். இவற்றுள் முகாமே சிறந்ததென்பது இக்கட்டுரையின் துணிபு. அங்கு மனுவை வாங்குபவரும் மனிதர், எண் மாறிப்போன கதையை முழுவதும் கேட்க நேரமுள்ளவர்போல் அமர்ந்திருப்பவர்.

நகல் அட்டை நகலே என்பதையும் மறத்தலாகாது. கணினியில் எது உள்ளதோ அதுவே அச்சாகும். ‘மு’ ‘மூ’வான பெயர் அவ்வாறே வரும், பழைய படத்தில் பாதி மூடிய கண் மீண்டும் பாதியே திறந்திருக்கும். திருத்தம் வேண்டுவோர் முதலில் திருத்தத்துக்கும் பின்னர் நகலுக்கும் விண்ணப்பித்தல் முறை. இம்முறைமையை அறியாது இரண்டையும் தலைகீழாகச் செய்து இருமுறை கட்டணம் கட்டியோர், 2017-இல் சேலம் மாவட்டத்துப் பெண்மணி ஒருவரின் புதிய அட்டையில் திரைப்பட நடிகையின் படம் அச்சாகி வந்த செய்தியை நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.

அஞ்சற்காரர் புதிய அட்டையைக் கொடுத்துச் சென்றபின் பழைய அட்டை அகப்படுவது ஏறத்தாழ விதியாகவே உள்ளது. அது பீரோவிலும் இராது, பர்ஸிலும் இராது. அரிசி டிரம்மின் மூடிக்கும் அதன்மேல் விரித்த துணிக்கும் நடுவே, கடையிலிருந்து வந்ததும் வைத்த இடத்திலேயே இருக்கும். அதனை எறிய எவர்க்கும் மனம் வராது. ‘ஜெராக்ஸுக்கு ஆகும்’ என்று எடுத்து வைப்பர், அதுவும் பத்திரமாக. புதிய அட்டையை முதன்முறை கடைக்குக் கொண்டு சென்று, உறையினின்றும் உருவி நீட்டும் குடும்பத் தலைவியை விற்பனையாளர் ஏறிட்டும் பாராமல், “கார்டு வேணாம், ஃபோன் நம்பர் சொல்லுங்கம்மா, ரேகையை வைங்க” என்பார். ரேகை மூன்றாம் முறை விழுந்து, சீட்டும் வந்தபின், “அரிசியும் சர்க்கரையும் வாங்கிக்கங்க, பருப்பு இன்னும் லோடு வரல” என்று சேர்த்துக்கொள்வார். அட்டையும் ரேகையும் இருந்து பருப்பு இல்லாதுபோகும் அந்நிலை பண்ட இழப்பியலின்பாற் படுவதாகலின், ஈண்டு விரிக்கப்படவில்லை.